நான்காவது தகடு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அந்த எலக்ட்ரீஷியனுக்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். காலையில் பஸ் நிறுத்தம் வரை வருவார். அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று ஒரு நினைப்பு வரும். திரும்பி ஓடுவார். அதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறவரை ஸ்டோர் கீப்பர் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

“என்னண்ணே, வீடு இருந்த இடத்துலயே இருக்கா?”

“இருக்கு. எல்லாம் அணைச்சுதான் இருந்தது.”

“என்னிக்காவது அணைக்காம வந்திருக்கீங்களா?”

“இல்லையே. அதுதான்யா பயமா இருக்கு.”

பயத்துக்குக் காரணம் அவர் கையிலேயே இருந்தது. முன்பு பசை தடவும் இயந்திரத்துக்கு மூன்று லைன்கள், மூன்று தனித்தனி சுவிட்சுகள். ஒருநாள் இரண்டை அணைத்திருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். பதில் சொல்லிவிட்டு, மூன்றையும் அணைத்த நினைப்பில் உள்ளே கை விட்டார். அன்றிலிருந்து வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

அதன்பிறகு அங்கே வேறு மாதிரி சுவிட்ச் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் மூன்று லைனுக்கும் நியூட்ரலுக்குமாக நான்கு செப்புத் தகடுகள், நான்கையும் இணைக்கும் ஒரு குறுக்குக் கட்டை, வெளியே ஒரே கைப்பிடி. கீழே இழுத்தால் நான்கு லைனும் ஒரே நொடியில் துண்டிக்கப்படும். ஒன்று நின்று இன்னொன்று ஓடுவது நடக்காது. அந்தச் சத்தம் கேட்கும்போது மட்டும் அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்கும்.

அதே மாதிரி பழைய சுவிட்ச் ஒன்றைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்டபோது, கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கதவுக்குப் பக்கத்தில் அவர் சுவரைக் கொத்துவதை மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“வீட்டை ஃபேக்டரி ஆக்கப் போறீங்களா?”

“கிளம்பும்போது ஒரே இழுப்பு. அதோட என் பைத்தியம் தீர்ந்தது.”

“தீர்ந்தா சரி. ஆனா என் பெட்டியில கை வைக்காதீங்க. அதுக்குத் தனி லைன்.”

அவளுடைய பெட்டி பின்னறையில் இருந்த குஞ்சு பொரிக்கும் பெட்டி. உள்ளே நாற்பத்தெட்டு முட்டைகள். இருபத்தொரு நாள் இரவும் பகலும் ஒரே சூடு வேண்டும். முதல்முறை சூடு ஏறிப் போயிற்று. இரண்டாம் முறை ஈரம் குறைந்து போயிற்று. இது மூன்றாவது. இதுவும் போனால் பெட்டியைத் தந்த தன் தங்கையிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அவர் ஒப்புக்கொண்டார். விளக்குகளுக்கு ஒரு தகடு, சமையலறைக்கு ஒன்று, மோட்டாருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் ஒன்று. நான்காவது தகடு சும்மா கிடந்தது.

நான்கு நாள் கைப்பிடியை இழுத்துவிட்டு, திரும்பி வராமல் வேலைக்குப் போனார்; அவர் தலை மறைந்ததும் மனைவி அதை மேலே தள்ளிக்கொண்டாள். ஸ்டோர் கீப்பர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் பஸ் நிறுத்தத்தில் பழைய அரிப்பு வந்துவிட்டது. வீடு முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்கிறது. பின்னறையில் ஒரே ஒரு வயர் மட்டும் அடங்காமல் ஓடுகிறது. முன்பு பதினொரு சுவிட்சுகளுக்குப் பங்கிட்டுப் பயந்தவர், இப்போது மொத்தத்தையும் அந்த ஒன்றின் மேல் வைத்தார். மனைவி வீட்டில் இருக்கும்போதே இரண்டு முறை திரும்பி வந்து, பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

முட்டை வைத்த பத்தாம் நாள் மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த லைனையும் நான்காவது தகட்டில் கோத்தார். பகலில் அவள் எப்போதும் வீட்டில்தான். அவர் இழுத்த கைப்பிடியை அடுத்த நிமிடமே மேலே தள்ளிவிடுவாள். என்றாவது அவள் வெளியே போனாலும், இழுக்கக் கூடாதென்று தனக்கு ஞாபகம் இருக்கும் என்று வாதாடிக்கொண்டார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கிளம்பினாள். “பெட்டி மூடியைத் திறக்காதீங்க. சாயங்காலம் வந்துடுவேன்.” அவர் கடைசியாக வெளியே வந்தார். கை தானாகக் கைப்பிடியை இழுத்தது. டப்பென்ற சத்தம் கேட்டது. நிறுத்தத்தில் எந்த நினைப்பும் வரவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது. கொஞ்சம் கண்கூட அயர்ந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பசை இயந்திரத்தில் வேலை வந்தது. சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக் கைப்பிடியை இழுத்தார். நான்கு தகடுகளும் சேர்ந்து விலகின. நான்காவதைப் பார்த்தபடியே நின்றார்.

“என்னண்ணே, ஷாக் அடிச்சுதா?” என்றார் ஸ்டோர் கீப்பர்.

“வீட்டுக்குப் போறேன்.”

“இந்த நேரத்துலயா? ரிட்டர்னுக்கும் ஒரு டைம் வேண்டாமா?”

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி ஓடினார். முட்டைப் பெட்டி இருபத்தாறு டிகிரி காட்டியது. முப்பத்தேழரை இருக்க வேண்டும். கைப்பிடியை மேலே தள்ளினார். எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அதன்முன் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்தார். முப்பத்திரண்டைத் தொட்டபோது மனைவி உள்ளே வந்தாள். அவரைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள்.

“கரண்ட் போச்சா?”

அந்தத் தெருவில் கரண்ட் போவது புதிதில்லை. ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

“போகல. நான்தான் அணைச்சேன். உன் லைனையும் அதுல சேர்த்துட்டேன்.”

“எப்போ?”

“பத்தாம் நாள்.”

“எட்டு நாளா என்கிட்ட சொல்லல.”

“சொல்லல.”

அவள் கத்தவில்லை. டார்ச்சை எடுத்துவந்து ஜன்னலைச் சாத்தினாள். ஒரு முட்டையை வெளிச்சத்தின் மேல் வைத்தாள். உள்ளே கருப்பு, மேலே கொஞ்சம் காற்று இடம். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கருப்பின் ஓரம் லேசாக அசைந்தது, அல்லது அவள் கை அசைந்தது.

“அசையுது, இல்ல?” என்றார்.

“சும்மா இருங்க. முதல்ல போய் அந்த வயரைக் கழட்டுங்க.”

கழற்றினார். இருபத்தொன்றாம் நாள் காலை நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை வந்தபோது ஒரு முட்டையில் சிறு விரிசல் இருந்தது. மறுநாள் மாலைக்குள் இருபத்தொன்பது குஞ்சுகள். திறக்காத பத்தொன்பதை அவள் ஒரு வாளியில் எடுத்து வைத்தாள்.

“இதுல உங்களால போனது எத்தனை, தானா போனது எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. விடுங்க. அடுத்த ஈடு வைக்கணும்.”

தங்கையிடம் பெட்டி திரும்பிப் போகவில்லை. ஆனால் அவரால் விட முடியவில்லை. வாளியை இரண்டு முறை எண்ணினார். மறுநாள் காலை கைப்பிடியை இழுத்து, நிறுத்தம் வரை போய், பஸ் கண்ணில் பட்ட பிறகும் திரும்பி வந்தார்.

“எதைப் பார்க்க வந்தீங்க?” என்றாள் மனைவி, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தபடி.

“பெட்டி ஓடுதான்னு.”

“ஓடுது. வந்ததுதான் வந்தீங்க, தொட்டுப் பார்த்துட்டே போங்க.”