அப்பா கடைசிவரை கேட்ட பாட்டு

எட்டாவது படிக்கும்போதே நான் ஒரு இசையமைப்பாளர். நான் சொன்னால் போதாதா, ஊரும் சொல்ல வேண்டுமா? சூளகிரி லைன் வீட்டில் என்னிடம் இருந்த ஒரே கருவி, மாமா தூக்கிப்போட்ட பழைய செல்போன். அதில் சத்தங்களைப் பதிந்து வெட்டி ஒட்ட ஒரு ஆப் இருந்தது. எவர்சில்வர் தட்டைத் தரையில் சுழலவிட்டு, அந்தச் சத்தத்தைப் பதிந்து மெதுவாக்கினேன். கோயில் மணி மாதிரி நீண்டது. மிக்ஸிச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தாளமாக்கினேன். "சட்னி அரைக்க விடுறியா இல்லையா?" என்று அம்மா கத்தியதும் பதிவானது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லாம் அப்பாவுக்காக. அவர் பக்கத்துக் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஆபரேட்டர். போனை நீட்டினால் சும்மா தலையாட்டிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஒருநாளாவது அவர் என் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். அதற்காகவே மொட்டைமாடியில் நின்று, அவர் கம்பெனிச் சங்கைப் பதிந்து பாட்டின் நடுவில் வைத்தேன்.

ஆயுத பூஜை அன்றுதான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் பொட்டும் மாலையும். கேன்டீனில் பந்தி நடக்க, ஒரு பக்கம் பிள்ளைகள் ஆடிப் பாடினார்கள். என் முறை வந்தது. போனைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டினேன். தட்டு ஒலித்தது, மிக்ஸி ஓடியது, சங்கு ஊதியது.

அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று அத்தனை பேரும் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். "ஏனாயித்து, என்ன ஆச்சு? இன்னிக்கு லீவுப்பா!" என்று கன்னடக்கார சூப்பர்வைசர் கையை விரித்தார். ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது.

அப்பா மட்டும் எழவில்லை. என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் அவரை ஒரு மாதிரிப் பார்க்க, அம்மா சட்டென்று, "பொண்ணு பாட்டுன்னா அசைய மாட்டாரு சார்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாட்டு முடிந்து, நான் போனைக் கழற்றிய பிறகுதான் அப்பா கைதட்டினார். "நல்லா பாடுன கண்ணு!" என்று கேன்டீனே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். நான் பாடவே இல்லை. சந்தோஷத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்தச் சங்க மட்டும் அழிச்சிடு பாப்பா" என்றாள். பொறாமை, வேறென்ன! பிரஸ் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவுக்குக் காது போயிருந்தது. வேலை போய்விடுமே என்று இருவரும் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் நான் கம்பெனி முழுக்க ஸ்பீக்கர் வைத்துச் சொல்லப் பார்த்தேன் என்று புரிய, எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று.