கொம்பில்லாத காளைகள்

ஓய்வுபெற்ற பிறகு, காலை நடையின்போது தென்காசி கூட்ஸ் ஷெட்டில் சற்று நிற்பது எனக்குப் பழக்கமாயிற்று. உர மூடைகள் இறங்கும் நாட்களில் வேகன்களின் இரும்புக் கதவுகள் திறந்து கிடக்கும். அவற்றின் உட்பக்கத்தில் சாக்பீஸ் படங்கள் இருக்கும்: மீன், தாமரை, மீசைக்கார முகம். வெளியே வரைந்தால் குற்றாலச் சாரல் ஒரே நாளில் கழுவிவிடும். எதையும் தேதியிட்டு எழுதிவைக்கும் நான், வேகன் எண்ணோடு அவற்றையும் குறித்துவந்தேன்.

ஒரு படத்தின் சொந்தக்காரரை மட்டும் தெரியும். அச்சன்புதூரிலிருந்து மூடை தூக்க வருபவர். வேகன் காலியானதும் ஒரே இழுப்பில் காளை வரைவார். திமில் இருக்கும், வால் இருக்கும், கொம்பு இருக்காது.

ஆடி மாதத்தில் ஒருநாள், அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, நான்கு வேகன்களில் அவர் வரைந்திருந்த காளைகளின் கீழே சாக்பீஸால் அன்றைய தேதியை எழுதினேன். அவர் திரும்புவதற்குள் கதவுகளைச் சாத்திவிட்டார்கள், ரயிலும் நகர்ந்தது. தேதி போட்டதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய! தேதி போட்டா அது ஆபீஸ் குறில்லா. ரிப்பேர் பாக்குறவங்க போட்டதுன்னு நெனச்சு எந்த லோடுமேனும் தொட மாட்டான்.”

“தொடணுமா என்ன?”

“என் தம்பி தொடணும்.”

வாய்த்தகராறில் வீட்டைவிட்டுப் போன தம்பி, ஆந்திராவில் ஒரு ஷெட்டில் மூடை ஏற்றுகிறாராம்.

“போன் போட்டா எடுக்க மாட்டுக்கான். என் காளையைக் கண்டா மட்டும் கொம்பு வச்சு அனுப்புதான். போன வருசம் ரெண்டு வந்துச்சு. இந்த வருசம் ஒண்ணையும் காணோம்.”

“கையெழுத்துப் போட்டு சீலும் குத்திருங்க அண்ணாச்சி!” என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு லோடுமேன். காளைக்காரர் சிரிக்கவில்லை.

அதன்பின் உர ரயில் வந்த நாளெல்லாம் அந்த நான்கு வேகன்களின் எண்களைத் தேடினேன். கார்த்திகையில் ஒரு காலை, ஷெட்டுக்குள் நுழையும் முன்பே அவர் கையசைத்துக் கூப்பிட்டார்.

கதவில் அவருடைய காளை. கீழே நான் எழுதிய தேதியை யாரோ உள்ளங்கையால் தேய்த்திருந்தார்கள். கடைசி இலக்கத்தின் வால் மட்டும் மிச்சம். தலையில் இரண்டு கொம்புகள், உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில்.

“ஆபீஸ் குறின்னு தெரிஞ்சும் அழிச்சிருக்கான் பாத்தியளா? துணிஞ்ச பய!” அந்த வெள்ளைத் தீற்றலின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தார்.

மூடைகள் இறங்கியதும் பக்கத்திலேயே கொம்பில்லாத இன்னொரு காளையை வரைந்தார். பிறகு சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

“காளைக்குப் புல்லு போடுங்க அண்ணாச்சி. தேதி வேண்டாம்.”

நான்கைந்து கோடுகள் இழுத்தேன். தேதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.