அற்புதம்மாள் கட்டிய வேப்பிலை

அந்தக் காலத்தில் கொள்ளிடக் கரையில் பிறந்த குழந்தைகள் அத்தனையும் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது அற்புதம்மாளின் முகத்தைத்தான். பெற்றவள் முகத்தை அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டன. கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பிள்ளை பாக்கியில்லை. சரி, அத்தனையும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்றதற்கே, பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அவள் மகள் லூர்துராணி முறைக்கிறாள். ஆகவே, நிறையக் குழந்தைகள். அதற்குக் கீழே இறங்க முடியாது.

அற்புதம்மாள் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கரையோரம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடந்த தரும மருந்தகத்துக்கு ஆயா. துணி வெளுக்கிறவர்கள், மூங்கில் கூடை முடைகிறவர்கள், வாழைத்தோப்பில் கூலிக்குப் போகிறவர்கள் என்று அங்கே இருந்த ஜனங்கள் அதைச் சின்னாஸ்பத்திரி என்றார்கள். மருந்தும் சம்பளமும் கொடுத்தது ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சபை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் புத்தூரிலிருந்து டாக்டரம்மா வருவாள். மற்ற நேரமெல்லாம் கூட்டுவது, கழுவுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மிக்சர் கலக்கி ஊற்றுவது, அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அற்புதம்மாள்தான். புருஷன் போனபின் பாலக்கரையிலிருந்து தினமும் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, மிச்சத்தை நடந்தே கழிப்பாள். அவள் கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்பும்; வலது கால் புலம்பலை இடது கால் கேட்காது. ஆனாலும் சேர்ந்துதான் நடந்தன. வேறு வழி?

இதில் பாட்டில் வேலை வேறு. அந்த நாளில் தரும ஆஸ்பத்திரி மருந்து வேண்டுமென்றால் பாட்டிலை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மிக்சரை அதில் ஊற்றி, வேளைக்கு ஒரு பங்கு என்று பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். கஞ்சிக்கே பானை ஒட்டுப் போட்டுப் புழங்குகிற வீட்டில் பாட்டிலுக்கு எங்கே போவார்கள்? அதனால் வருகிற வழியில் அற்புதம்மாள் சித்திரை வீதியில் வீடு வீடாக நின்று காலி பாட்டில் கேட்பாள்.

"மாமி, பாட்டில் ஏதாவது இருக்குதுங்களா?"

"போன மாசந்தானேடி வாங்கிண்டு போனே? அதையெல்லாம் என்ன பண்றா உங்க ஜனங்க, தின்னுடறாளா?"

"உடைஞ்சு போவுதுங்க மாமி. ஓலைக் குடிசையில அலமாரியா இருக்கு, எடுத்து வைக்க?"

"என் நாட்டுப்பொண்ணு இருமல் மருந்தைப் பாதிக்கு மேலே குடிக்கமாட்டேன்னு அடம் பிடிக்கறா. இரு, உனக்காகவாவது குடிச்சு முடிக்கச் சொல்றேன். பெருமாளே, ஒரு பாட்டில் காலியாறதுக்கு எத்தனை பாடு!"

உள்ளே அந்த மருமகள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மாமி பாட்டிலைக் கையில் கொடுக்கமாட்டாள். படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அற்புதம்மாள் அதையெல்லாம் கவனிப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கவனிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஐம்பத்தெட்டாம் வருஷமோ அதற்கு அடுத்ததோ, மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் சபைச் செயலாளர் அழகர்சாமி வந்து நின்றார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. மோசமானவர் என்று சொல்ல முடியாது. ரயில் எந்த நேரத்துக்கு வரவேண்டுமோ அந்த நேரத்துக்கு நோயும் வரவேண்டும் என்று நினைக்கிற ரகம்.

"என்ன அற்புதம்மா, கட்டடம் இருக்கு, நீங்க இருக்கீங்க, நோயாளியைக் காணோமே?"

"ஐயா, இது மத்தியானமுங்க. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. பொழுது சாயட்டும், நிக்க இடம் இருக்காது."

"உடம்பு சரியில்லாதவன் வேலைக்குப் போயிருக்கானா?"

"ஆமாங்கையா. போகலேன்னா சாப்பாடு இல்லீங்களே."

அவருக்கு இது விளங்கவில்லை. இதற்கு முன்னாலும் ஒரு மத்தியானம் வந்து இதே காலி பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். "தப்பா நினைக்காதீங்க. தென்னூர்ல ஒரு மருந்தகம் வேணும்னு கேக்கறாங்க. அங்கே வெச்சா நாலு பேருக்குப் பிரயோஜனம். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து உக்காந்து பார்க்கறேன். ஆள் வரலேன்னா மருந்து அலமாரியை வண்டியில ஏத்திட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அற்புதம்மாள் காலி பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு ஆயா வேலை கிடைக்கும். பாலக்கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், காலும் கொஞ்சம் ஓயும். அதை நினைத்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் வள்ளிக்கண்ணு நினைவுக்கு வந்தாள்.

கரையில் துணி வெளுக்கிற வீராயியின் மருமகள் அந்த வள்ளிக்கண்ணு. முதல் பிள்ளை பிறந்து மூச்சு விடாமலே போய்விட்டது. இப்போது மறுபடி எட்டாம் மாதம். கால் வீங்கி, முகம் ஊதியிருந்தது. டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்லி வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி போனால் டாக்டரம்மாவும் இல்லை. காவேரிக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் வள்ளிக்கண்ணு போகமாட்டாள். போன தடவை கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, முறை வருவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. அதோடு சரி.

ஆகவே செயலாளர் சொன்ன வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை அற்புதம்மாள் குடிசை குடிசையாக ஏறி இறங்கினாள். "நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் வந்துடுங்க. நோவு இல்லாதவங்களும் வாங்க."

"நோவு இல்லாதவ யாருடி இங்கே இருக்கா?" என்றாள் வீராயி. "முழங்காலைக் காட்டவா, முதுகைக் காட்டவா, அதை மட்டும் சொல்லு அற்புதம். ரெண்டையும் ஒரே நாள்ல காட்டினா உன் டாக்டரம்மா பயந்துக்குவா."

வெள்ளிக்கிழமை வந்தது. மாதா கோவில்காரர்களுக்கு அது தவசு காலத்து வெள்ளி, அற்புதம்மாள் ஒருசந்தி விரதம். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வந்து, தரையைக் கழுவி, பெஞ்சைத் துடைத்து நிமிர்ந்தால், ஈ. பக்கத்துத் தோப்பில் வாழைப்பழம் அழுகிக் கிடந்தது. ஊரில் இருக்கிற ஈயெல்லாம் சின்னாஸ்பத்திரியில் விருந்தாடி வந்திருந்தது. ஒவ்வொன்றும் குருவி அளவு. ஒன்று மருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, கனம் தாங்காமல்தான் கீழே வைத்துவிட்டுப் போனது. செயலாளர் வந்து இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? எதிரே வேப்பமரம் நின்றது. பாலக்கரை வீட்டில் ஈ வந்தால் செய்வதைப் போலவே நாலு கிளையை ஒடித்து, ஜன்னலில் ஒரு கொத்து, நிலைப்படியில் இரண்டு கொத்து என்று கட்டிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

வாசலில் வேப்பிலை தொங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள், யாரும் உள்ளே வரக்கூடாது. அவளே அப்படிப்பட்ட வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பியவள்தான். எல்லாம் தெரியும். ஆனால் அலுத்துப்போன உடம்பில் கை ஒரு பக்கம் போகும், புத்தி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும்.

அழகர்சாமி சொன்ன நேரத்துக்கு வந்தார். டாக்டரம்மா புத்தூரில் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் வரவில்லை. அவர் நிலைப்படியை நிமிர்ந்து பார்த்து, "வேப்பிலையா? நல்லது, ஈ வராது" என்றார்.

ஈ வரவில்லை. ஆளும் வரவில்லை.

வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. செயலாளர் தொண்டையைச் செருமினார். அற்புதம்மாளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. நேற்று முழுக்க ஏறி இறங்கிய படிகளை முழங்கால்தான் எண்ணிக்கொண்டிருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கரைமேட்டில் புளியமரத்தடியில் மொத்தக் குடியிருப்பும் நின்றது. கையில் பாட்டில், இடுப்பில் பிள்ளை. வள்ளிக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நின்றாள். ஒருத்தர் ஓர் அடி முன்னே வைக்கவில்லை. வீராயி மட்டும் ஒரு பித்தளைக் குடத்தோடு முன்னால் நின்றாள்.

"என்ன வீராயி, ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க!"

"அங்கேயே நில்லு தாயி! கிட்ட வராதே! உனக்கா இறங்கியிருக்கு?"

அப்போதுதான் அற்புதம்மாள் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல! ஈக்குக் கட்டினேன் வீராயி!"

கூட்டம் இன்னும் ஓர் அடி பின்னுக்குப் போனது.

"ஈக்கா?" என்றாள் வீராயி. "சமயபுரத்து ஆத்தா நமக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிற மாசத்துல, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, அவ இலையை வாசல்ல கட்டிட்டு ஈக்குங்கிறியா?"

"அவிழ்த்துடறேன், இரு."

"தொடாதே! கூப்பிட்டாச்சு. வந்து உக்காந்தவளை எழுந்திருச்சுப் போன்னு சொல்லுவியா? தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும்."

"யார் தலைக்கு?"

"கட்டினது யாரு?"

அற்புதம்மாள் கழுத்து ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டாள். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், பத்துக் கற்பனைகளில் இதை எந்தக் கட்டளைக்குக் கீழே பாவமென்று சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. மரத்தடியில் வள்ளிக்கண்ணு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். வீங்கின கால். "ஊத்து" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன கூத்து? நான் கிளம்பறேன்."

"கிளம்பலாமுங்க" என்றாள் வீராயி, குடத்தில் மஞ்சளைக் கரைத்தபடி. "நீங்களும் உள்ளதானே உக்காந்திருந்தீங்க. அப்படியே போனா ஆத்தாளும் உங்க கூடவே நடந்து வருவா. வீட்டுல பேரப் புள்ளைங்க இருக்குதுங்களா?"

இருந்தன. அழகர்சாமி திரும்பி வந்து படியில் அற்புதம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊற்றினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளுமாக ஊற்றிய தண்ணீரில் கொள்ளிடத்தில் ஒரு முழம் வெள்ளம் ஏறியது. லால்குடிப் பக்கத்து வயல்களுக்கு அந்தப் பங்குனியில் வாய்க்கால் பாய்ந்ததே இதனால்தான். பெண்கள் குலவையிட்டார்கள். வீராயி கொத்தை அவிழ்த்துக் கும்பிட்டு, ஆற்றில் விட்டுவிட்டு வந்து, "இப்போ போங்கடி" என்றாள். வள்ளிக்கண்ணு முதலில் படியேறினாள். அப்புறம் நிற்க இடமில்லை. மூச்சிரைத்துக்கொண்டு வந்த டாக்டரம்மா, உள்ளே மஞ்சள் மஞ்சளாக நின்ற இரண்டு பேரையும் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் எப்பலேர்ந்து காமாலை?" என்றாள்.

விளக்கு வைத்தபிறகும் கூட்டம் குறையவில்லை. கடைசியில் பஸ் ஏறியபோது கண்டக்டர், "அம்மா, சீட்டுல உக்காராதீங்க, சாயம் ஒட்டிக்கும்" என்றார். பாலக்கரை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள் அற்புதம்மாள். மறு மாதம் வள்ளிக்கண்ணுவுக்குப் பெண் குழந்தை. பிறந்ததும் வீல் என்று கத்தியது. ஸ்ரீரங்கத்து ராயகோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறந்தன. அன்று அந்த ஜனங்களைக் கண்ணால் பார்த்த செயலாளர் மனசு உருகி, சின்னாஸ்பத்திரி அங்கேயே இருக்கட்டும் என்று சபைக்குச் சொன்னார். அப்படித்தான் அது நிலைத்தது.

"மனசு உருகிச்சா?" என்கிறாள் லூர்துராணி. "நல்லா இருக்குதே கதை! அந்த மனுஷன் கோட்டு வீணாப் போன கோவத்துல மூடச் சொல்லித்தான் சொன்னாரு. மறு வாரமே அலமாரியை ஏத்த மாட்டுவண்டி வந்துச்சு. வண்டிச் சத்தம் கேட்டதும் வீராயி பெரியம்மா ஓடிப்போய் வாசல்ல வேப்பிலையைக் கட்டிட்டாங்க. வண்டிக்காரன் கன்னத்துல போட்டுக்கிட்டு மாட்டைத் திருப்பிட்டான். அடுத்த வாரம் வேற வண்டி. மறுபடியும் வேப்பிலை. சபைக்கு அலுத்துப்போற வரைக்கும் இதேதான். கட்டினா அம்மனை அனுப்பிவெச்சாத்தானே ஜனங்க உள்ள வர முடியும்? அத்தனை தடவையும் படியில தலையைக் குடுத்துட்டு உக்காந்தது எங்கம்மா. ஒரே ஒரு நாளாம்! அந்தப் பங்குனி பூரா எங்கம்மா தலை காயவே இல்ல."