மாப்பிள்ளை சொன்ன ஆசிட்

நகரியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் வேதாச்சலத்துக்கு மாப்பிள்ளை தனசேகரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. திருப்பதி ஜூனியர் காலேஜில் இன்டர் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கும் லெக்சரர் என்றால் சும்மாவா? அவன் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சே கிடையாது. வினையும் அதில்தான் வந்தது.

பட்டறையின் பழைய வாடிக்கைக்காரி கமலம்மா தன் மகளின் முகூர்த்தப் புடவைக்காகப் பட்டு நூல் கொடுத்திருந்தாள். அரக்குச் சாயம் போட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பார்த்து, சாயம் நூலில் ஏற வழக்கமாக ஊற்றும் அசிட்டிக் ஆசிட் தீர்ந்துவிட்டது; கடையும் திறக்கவில்லை. ஃபார்மிக் ஆசிட் ஒரு கேன் இருந்தது. விருந்துக்கு வந்திருந்த தனசேகர் செல்போனில் இரண்டின் வலிமையைக் காட்டும் பிகேஏ எண்களையும் பார்த்தான். அசிட்டிக்குக்கு 4.76, ஃபார்மிக்குக்கு 3.75.

"ஃபார்மிக்குக்கு நம்பர் கம்மி, இது அதைவிட வீக்கு மாமா. கொஞ்சம் சேத்தே ஊத்துங்க."

"நீங்க சொன்னா சரி மாப்ள."

சாயம் நிதானமாக ஏறாமல் ஒரேயடியாகப் பாய்ந்து ஏறி, நூல் திட்டுத்திட்டாக வந்தது. "போர் தண்ணியில உப்பு ஏறிக்கினு இருக்குது மாமா" என்றான் தனசேகர். அப்போது அதை நம்பவும் செய்தான்.

மறுநாள் வகுப்பில் அதே இரண்டு அமிலங்கள் வந்தன. பிரிகை மாறிலி பெரிதாக இருந்தால் அமிலம் வலிமையானது; பிகேஏ அதைத் தலைகீழாகக் காட்டும், அங்கே எண் சிறுத்தால் வலிமை கூடும், ஒன்று குறைந்தால் பத்து மடங்கு. வருடாவருடம் சொல்வதைச் சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் மாமனாரின் ஃபார்மிக் கேன் நினைவுக்கு வந்தது. பத்து மடங்கு வலியதை அல்லவா கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மாலையே நகரிக்குப் பஸ் ஏறினான். பட்டறை வாசலில் கமலம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வேதாச்சலம் கைகட்டி நின்றார்.

"எனக்குக் கண்ணு மங்கிக்கினு வருதும்மா. அளவு தப்பிடுச்சு."

மாப்பிள்ளையின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. தனசேகர் முன்னால் வந்து நின்றான்.

"தப்பு என்னுதும்மா. வலுவான ஆசிட்டைப் போய் வீக்குன்னு நான்தான் சொன்னேன்."

கமலம்மாவின் முகம் இளகியது. "மாமனாருக்காக எம்மாம் பெரிய பழியத் தலையில போட்டுக்கிறாரு பாருங்க. காலேஜ்ல பாடம் எடுக்கிறவருக்கு ஆசிட்டு தெரியாதா? நீங்க குடுத்து வச்சவரு அண்ணே. ஆனா கண்ணு தெரியலன்னா எப்படி? இனிமே நூல வேற பட்டறையில குடுத்துக்கிறேன்."

"நெசமாத்தான் சொல்றேம்மா."

அவள் சிரித்தபடியே நூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேதாச்சலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஏன் மாப்ள இதுல வந்து மாட்டிக்கினு? பசியோட வந்திருப்பீங்க, வாங்க."

அவரே இலை போட்டுப் பரிமாறினார். தனசேகர் சோற்றில் கைவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.