சூடு என்று நான் சொன்னேன்

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். கிருமிகளைப் பற்றி ஓய்வுபெறும்வரை வகுப்பெடுத்தேன். என் மனைவிக்குக் கிருமியைக் கொடுத்தவனும் நான்தான்.

கல்யாணமான இரண்டாம் வருடம், விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணிடம் போனேன். ஒரு வாரத்தில் சிறுநீர் எரிந்தது. உள்ளூரில் காட்டினால் வெளியே தெரிந்துவிடும் என்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அங்கே டாக்டர் இரண்டு பொட்டலம் மாத்திரை கொடுத்தார்.

"ஒண்ணு உமக்கு, ஒண்ணு உம்ம வீட்டுக்காரிக்கு. பொம்பளைக்கு வெளியே ஒண்ணும் காட்டாமலே உள்ளே பரவும் வே. ரெண்டு பேரும் முழுங்கணும்."

என்னுடையதை முழுங்கினேன். அவளுடையதை எதற்கு என்று சொல்லிக் கொடுப்பது? சத்து மாத்திரை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அதற்கும் துணிவில்லை. ஊர் திரும்பும் வழியில் கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, அவள் பொட்டலத்தை ஜன்னல் வழியே ஆற்றில் எறிந்தேன்.

சில மாதங்களில் அவளுக்கு வெள்ளைப்பட்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். என் அக்கா சிரித்தாள்: "ஏட்டி, உன் உடம்பு அடுப்பாட்டம் கொதிக்கி. அதுல பிள்ளை எங்கன தங்கும்?"

என் மனைவி என்னிடம் வந்தாள். "நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க, இது சூடுதானா?"

"சூடுதான்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தம்ளரில் ஊறிய வெந்தயத்தைக் குடித்தாள். பிள்ளை தங்கவில்லை. பல வருடம் கழித்து, கருக்குழாய் இரண்டும் அடைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னபோதும், "எனக்குச் சூட்டு உடம்பும்மா" என்றாள். பக்கத்து நாற்காலியில் நானும்தான் இருந்தேன்.

போன கோடையில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அடுக்களையில் அதே உபாதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனுக்குத் திருப்பூரில் வேலை. எப்போதாவது வந்து போவான்.

"சூடுட்டி" என்றாள் என் மனைவி. "வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி, பைய சரியாயிரும். எங்க வீட்ல அவுகளே சொல்லியிருக்காக. காலேஜ் வாத்தியாராக்கும்!"

நான் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனேன்.

"சூடு இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போ. புருஷனையும் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேரும் மாத்திரை முழுங்கணும்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி கையில் கரண்டியோடு என்னையே பார்த்தாள். அந்தப் பெண் வேலை முடித்துப் போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டாள்.

"அப்போ எனக்கு?"

மதுரை, நாகர்கோவில், பாலம், எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"அவ ஆஸ்பத்திரிக்குப் போனாளான்னு நாளைக்குக் கேக்கணும்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

தினமும் காலையில் எழுந்ததும் அடுக்களைக்குப் போய்ப் பார்க்கிறேன். அந்த வெந்தயத் தம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது.