மதாம் ஒதில் பார்க்காத தோட்டம்

செய்தி வந்தபோது நான் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. மின்னஞ்சல் பிரெஞ்சில் இருந்ததால், என் வாசிப்பு வேகத்துக்கு, கடைசிப் பெட்டி கடக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. மதாம் ஒதில் தூக்கத்திலேயே போய்விட்டார். எழுதியவர் அவருடைய மகள் கிளேர். கேட் திறந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்த டெம்போக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊட்டுக்குப் போற ஐடியா இல்லையா?" என்றார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் எங்கள் தொழிற்சாலையில், அந்தப் பெயர் பலருக்கும் தெரியும். இயந்திரங்கள் பிரான்சிலிருந்து வந்தவை, கையேடுகளும் பிரெஞ்சில்தான். அவற்றைத் தமிழில் தரச் சொல்வதைவிட எங்களைப் பிரெஞ்சு பேச வைப்பது எளிது என்று மேலிடம் முடிவுசெய்து, கோடைதோறும் இரண்டு பேரை அங்கே ஒரு சிற்றூருக்குப் படிக்க அனுப்பியது. தங்குவது மதாம் வீட்டில். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர், பின்கட்டில் ரோஜாவும் தக்காளியும் வளர்த்தவர். அந்த மாடி அறையில் தங்கிய எல்லா பேட்ச் நண்பர்களுக்குமாக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் நிம்மதியாக இருக்க வேண்டியதில்லை.

முதல் பேட்ச்சில் போனவர்கள் நானும் பராமரிப்புப் பிரிவு காதர் பாயும். பாய் பழவேற்காட்டுக்காரர். அவருக்காக அந்தக் கோடை முழுவதும் மதாம் பன்றி இறைச்சியைத் தன் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. முதல் நாள் சாப்பாட்டில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினார். நம் ஊர் மரியாதைப்படி வேண்டாம் என்றேன். மறுபடி கேட்பார்கள், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது நம் ஏற்பாடு. மதாம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாய் என் பக்கம் சாய்ந்தார். "நைனா, இங்க ரெண்டாவது ரவுண்டு கிடையாது போலக்கீது. கேக்கும்போதே வாங்கிக்கோ."

பின்னொரு நாள் இந்த ஏற்பாட்டை விளக்கியபோது மதாம் கத்தியையும் முட்கரண்டியையும் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் சொன்னதைத்தானே நான் நம்ப முடியும்? சொல்லாததை எப்படி நம்புவேன்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு விஷயம் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். "ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்பார். ஒருநாள், உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டார். என் வீடு சிப்காட்டின் பின்புறம், மூன்றாவது மாடியில் இருக்கிறது. தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டால் குடத்தோடு இறங்கி ஓட வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் தண்ணீர் லாரி இல்லை. வீடு என்ற பாடத்தில் தோட்டம், ரோஜா, நாய், கணப்பு அடுப்பு இவைதான் இருந்தன. எனவே எனக்குத் தோட்டம் இருக்கிறது என்றேன். பெரியதா? பெரியது. ரோஜா? உண்டு. நாய்? ஒன்று. கணப்பு அடுப்பு மட்டும் இல்லை என்றேன், மனசாட்சிக்காக.

மாடிக்கு வந்ததும் பாய் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, தோட்டம்ன்ற? உங்க ஊட்ல துளசி கூட இல்லியே."

"புக்ல அதான் பாய் கீது."

"அப்ப நானும் தோட்டம்னே சொல்லிடறேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னா பேஜாரு."

பின்னால் வந்த பேட்ச்களுக்கும் அதே புத்தகம். அதே பாடம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்பேட்டையைப் பற்றி மதாமின் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் புகை, குப்பை என்று ஏதோ சொன்னபோது, "அங்கே எத்தனையோ வீடுகளை எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் ரோஜா இருக்கிறது" என்று மதாம் சண்டைக்கே போய்விட்டாராம். இதைக் கிளேர் ஒருமுறை தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பின்னொரு வருஷம் ஓய்வூதியர் குழு ஒன்றோடு மதாம் புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்தார். சென்னையில் ஒருநாள் ஓய்வு, அன்று கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன், உங்கள் தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். நானும் பாயும் கேன்டீனில் உட்கார்ந்து ஆலோசித்தோம்.

"கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல புல்லு கீது. அங்க இட்டுக்கினு போய் இதான் எங்க ஊடுன்னு சொல்லிடலாமா?"

"நாய்க்கு எங்க போறது பாய்?"

"கேட்டாண்ட ஒண்ணு சுத்திக்கினு கீதே. பிஸ்கட் போட்டா வந்துடும்."

கடைசியில் அதற்கும் துணிச்சல் வரவில்லை. ஏரி நிரம்பிச் சாலை மூழ்கிவிட்டது, வர வேண்டாம் என்று எழுதினேன். அதற்குள் எனக்கு வெள்ளம் பற்றிய பாடம் முடிந்திருந்தது. அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. மதாமிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "ஐயோ, செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

சென்னை வரை வந்தவர் அப்படியே திரும்பிப் போனார். அடுத்த வருஷம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வருஷாவருஷம் நினைத்தேன். புத்தாண்டு வாழ்த்தில் தோட்டத்தை விசாரிப்பார். நலம் என்று எழுதுவேன்.

கிளேரின் மின்னஞ்சலில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. அம்மாவை நினைவுகூரக் கூடுகிறோம்; அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த உங்கள் தோட்டத்தின் படம் ஒன்று வேண்டும்; அவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைப்போம்.

இணையத்தில் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அனுப்ப முடியவில்லை. பாயைப் போனில் கூப்பிட்டேன்.

"போனவங்க விஷயத்துல இப்ப உண்மைய சொல்லி இன்னா ஆவப் போது நைனா?"

"அவங்க பொண்ணு கேக்குது பாய்."

"அப்ப எழுதிடு. என் பேரையும் போட்டுடு. நானுந்தான் சொன்னேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அகராதியோடு உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது மாடி, தண்ணீர் லாரி, புகை, வராத வெள்ளம், இல்லாத நாய். கிளேரின் பதில் சிறியது. "அம்மா வருத்தப்பட்டிருப்பார். தோட்டம் இல்லை என்பதற்காக அல்ல, வர வேண்டாம் என்றீர்களே, அதற்காக. இருக்கிற வீட்டின் படத்தை அனுப்புங்கள்." மன்னித்ததாக அதில் எங்கும் இல்லை. இருமுறை தேடிப் பார்த்தேன்.

அவர் கற்றுத் தந்த பிரெஞ்சில் பாதி எனக்கு மறந்துவிட்டது. என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்ட ஒருவரை ஊர் எல்லையோடு திருப்பி அனுப்பியவன் என்ற நினைப்பு மட்டும் குறையாமல் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

பால்கனியைப் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினேன். வரிசையாகக் குடங்கள், பின்னால் புகைபோக்கி, குறுக்கே துணிக்கொடி. என் மனைவி அவசரமாக வந்து கொடியில் கிடந்த என் லுங்கியை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அவங்க பார்க்கட்டும்."