ஆழாக்கு அரிசியும் தார்ப்பாய் போட்ட லாரியும்

பத்திரிகைக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வதற்கே இரண்டு தரம் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறவள். இருந்தாலும், இந்தத் தீபாவளிக்கும் எங்கள் பக்கத்துக் குடோன்களில் ‘பெண்களைச் சோதனை போடப் பெண் வேண்டும்’ என்று ஆள் தேடுகிறார்கள் எனக் கேள்விப்பட்டதும் வயிறு எரிந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை. பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். ராயபுரத்தில், கப்பலில் வந்து இறங்கும் அரிசியை அடுக்கி வைக்கிற ஒரு குடோனுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பட்டறையில் காலில் இரும்பு விழுந்து, மூன்று மாதமாக வீட்டோடு இருந்தார். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்தக் குடோனிலிருந்து ஆள் வந்தது. பண்டிகை சமயத்தில் மூட்டைகள் காணாமல் போகின்றனவாம். வேலை முடிந்து போகிற ஆண்களைக் காவல்காரர் தடவிப் பார்த்துவிடுவார். பெண்களைப் பார்க்க ஒரு பெண் வேண்டும், எழுதப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் போனேன்.

குடோனில் முப்பது பெண்கள் இருந்தார்கள். கிழிந்த சாக்கைத் தைப்பார்கள். கொட்டிய அரிசியைக் கூட்டிப் புடைப்பார்கள். ஐந்து மணிச் சங்கு ஊதியதும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒரு பழைய தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, அதன் பின்னால் ஒவ்வொருத்தியாக என்னிடம் அனுப்புவார்கள். முந்தானையை உதற வேண்டும். மடியை அவிழ்க்க வேண்டும். கொண்டையைப் பிரிக்க வேண்டும். இவ்வளவையும் நான் செய்யச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்பட்டு நான் கையால் ஜாடை காட்டுவேன். அவர்களுக்கு அது சிரிப்பு.

“இன்னா யக்கா, கொண்டையில ஒரு மூட்டை வச்சிகினு கீறேன். கனமா கீது, கொஞ்சம் எறக்கி வையேன்” என்பாள் ஒருத்தி. பின்னால் நிற்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். நாள் முழுக்கத் தூசியில் நின்றுவிட்டு, போகும்போது சேலையையும் அவிழ்த்துக் காட்ட வேண்டிய பெண்கள் சிரிக்கவாவது செய்தார்களே என்று இப்போது தோன்றுகிறது.

அதே நேரத்தில்தான் பெரிய கதவு திறந்து ஒரு லாரி போகும். தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருக்கும். காவல்காரர் கதவை அகலத் திறந்து சலாம் வைப்பார். “அதை யாரும் பார்ப்பதில்லையா?” என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். “சீட்டு இருக்குதும்மா” என்றார். சீட்டைக் கொடுப்பவர் மானேஜர். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

பத்து நாள் ஆயிற்று. யாரிடமும் ஒரு மணி அரிசிகூட அகப்படவில்லை. மானேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்னம்மா, பார்க்கிறீர்களா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறீர்களா?” என்பார். வேலை போய்விடுமோ என்று எனக்கு உள்ளூர உதறல்.

பதினோராம் நாள் மாலை, சாக்கு தைக்கும் ஒருத்தியின் மடியில் என் விரல் ஒரு முடிச்சில் இடித்தது. கெட்டியான துணி முடிச்சு. அழுத்தினேன், அரிசி. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வாய் திறக்காத நான் “அரிசி! அரிசி!” என்று கூவினேன்.

“யக்கா, கூவாதே. இது எங்க வூட்டு அரிசி” என்றாள் அவள். “போன வாரம் இங்க வேல செய்றவ ஒருத்திகிட்ட ஆழாக்கு அரிசி கைமாத்து வாங்கினேன். நேத்துதான் ரேஷன் போட்டான். திருப்பிக் குடுக்கலாம்னு காலையில எட்தாந்தேன். அவ இன்னிக்கி வேலைக்கி வரல. அதான் வூட்டுக்கே எட்துகினு போறேன்.”

நான் காதில் வாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. காவல்காரர் அதைப் பிடுங்கி மானேஜரின் மேஜையில் வைத்தார். அவளையும் இழுத்துப் போய் நிறுத்தினார்கள்.

மானேஜர் ஒரு காகிதத்தில் விறுவிறு என்று எழுதி என் பக்கம் தள்ளினார். “கீழே கையெழுத்துப் போடுங்கள். போலீஸுக்குப் போகட்டும்.” என்னைப் படிக்கத் தெரிந்தவள் என்று வேலைக்கு எடுத்தவர் அவர்தான். நான் படித்துவிடுவேன் என்பதை ஏன் மறந்தாரோ தெரியவில்லை. ‘மூட்டையைக் கிழித்து எடுத்த அரிசியுடன் பிடிபட்டாள்’ என்று முதல் வரி. ‘இந்த மாதம் குறைந்த மூட்டைகள் எல்லாம் இவளும் இவளுடைய ஆட்களும் கடத்தியவை’ என்று அடுத்த வரி. ஆழாக்கு அரிசி வைத்திருந்தவள் தலையில் குடோனையே தூக்கி வைத்திருந்தார்!

அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். முடிச்சு தளர்ந்து கொஞ்சம் அரிசி சிந்தியிருந்தது. பழுப்பு நிறத்தில், தடியாக. எங்கள் குடோனில் இருந்ததோ முழுக்க முழுக்கக் கப்பலில் வந்த பச்சரிசி. இது புழுங்கல். சோறு வடிக்கிற எவளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். என் வீட்டிலும் முந்தின நாள் அதே ரேஷன் புழுங்கலைத்தான் வடித்தேன்.

“சார், இது புழுங்கல் அரிசி. நம் அரிசி இல்லை” என்றேன்.

“அரிசி அரிசிதான். போடுங்கள் கையெழுத்து.”

“மாட்டேன் சார்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

“அரிசி அரிசி என்று கூச்சல் போட்டது நீங்கள்தானே?” என்றார். சுருக்கென்று தைத்தது. நான்தான் போட்டேன். நான்தான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அழுவதைவிட மோசம்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முடிச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வரிசை கலையாமல் நின்றிருந்தது. மூட்டை தூக்குகிற ஆண்களும் கூடிவிட்டார்கள். முடிச்சைப் பிரித்து ஒரு சாக்கின்மேல் வைத்து, “இது நம் குடோன் அரிசியா, நீங்களே பாருங்கள்” என்றேன்.

ஒரு கிழவர் நான்கு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். “புழுங்கல்” என்றார். பக்கத்தில் நின்ற ஒருவன், “கப்பல்லயே அவிச்சி அனுப்பிட்டானா நைனா?” என்றான். ஒரே சிரிப்பு. சிரிப்பு ஓய்வதற்குள் லாரி ஹாரன் அடித்தது. கதவுக்கு முன்னால் எல்லாரும் நின்றதால் அதற்கு வழி இல்லை. காவல்காரர், “நகருங்க, நகருங்க, வண்டி போகணும்!” என்று கத்தினார்.

கப்பலைச் சொல்லிக் கேலி பேசிய ஆள் என் பக்கம் திரும்பினான். “யம்மா, ஆழாக்கு அரிசிக்குப் பொம்பளைங்க மடிய அவுக்கறே. இம்மாம் பெரிய லாரிக்கு சலாம் வச்சி அனுப்பறாங்க. அதோட தார்ப்பாயையும் கொஞ்சம் அவுத்துக் காட்டு, பாப்பம்!”

யாரும் சிரிக்கவில்லை. நான் லாரியின் பக்கத்தில் போனேன். கயிற்றின் முடிச்சில் கை வைத்தேன்.

மானேஜர் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். “போதும், போதும்! ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது. பண்டிகை நேரம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள். அவளும் போகட்டும், நாளைக்கு வேலைக்கு வரட்டும்” என்றார். அந்தக் காகிதத்தை எங்கள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். கூட்டம் விலகியது. நான் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லாரி போய்விட்டது.

அதில் திருட்டு மூட்டை இருந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் தார்ப்பாயில் ஒரு கை பட்டதும் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு இரக்கம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவள் விடுதலை ஆனாள் என்ற நிம்மதியில் நான் கையை எடுத்தேனே, அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

அவள் சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டாள். “மன்னித்துக்கொள்” என்றேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. “நாளைக்கி உள்ள வரசொல்லவே பாத்துக்க யக்கா. அப்பால நீயே சாச்சி சொல்லலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நியாயமான பேச்சு. உள்ளே வரும்போது அவர்களை ஒருவரும் பார்ப்பதில்லை. ஏழை கையில் சொந்தப் பொருள் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்குமே, அதே ரேஷன் அரிசியைத் தின்கிற எனக்குமே தோன்றவில்லை. திருட்டைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடுக்கிறவர்கள் பெரிய கதவிலிருந்து ஆரம்பிக்கட்டும். சேலையை அவிழ்க்கச் சொல்வதற்கு முன் தார்ப்பாயை அவிழ்க்கட்டும். இப்போது எங்கேயாவது ஒரு பெண்ணை நிறுத்திப் பையைத் திற என்று யாராவது சொன்னால், என் குரலே என் காதில் “அரிசி! அரிசி!” என்று கேட்கிறது.

மறுநாள் காலையில் போனபோது தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் வேறொரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னை இனி வர வேண்டாம் என்றார்கள். கைமாற்றுக் கொடுத்தவள் அன்று வேலைக்கு வந்திருந்தாள், ஆழாக்கு அரிசி அவளிடம் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் எங்கள் சந்து முனையைக் கடந்து லாரி போயிற்று.